மூன்று நிமிடப் பாட்டு அரை மணி நேரம் ஆனது எப்படி? 'ஜாம் பேண்ட்' கச்சேரிகள் ஏன் முக்கியம்?

2017 ஜூலை 25. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். மேடையில் 'ஃபிஷ்' என்ற அமெரிக்க ராக் குழு. அன்று அவர்கள் எடுத்த பாடல்களில் ஒன்று 'லான் பாய்'. கீபோர்டு வாசிக்கும் பேஜ் மெக்கானல், மைக்கைக் கையில் பிடித்தபடி மேடையில் நடந்துகொண்டே பாடும் மெல்லிய பாட்டு. ஆல்பத்தில் அது மூன்று நிமிடம்கூட வராது. கச்சேரியின் நடுவே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் பாட்டு என்றுதான் ரசிகர்கள் அதை நினைத்திருந்தார்கள்.

அன்று அது முடியவே இல்லை. பாட்டின் கடைசி வரி முடிந்த பிறகும் நான்கு பேரும் வாசித்துக்கொண்டே போனார்கள். கிட்டத்தட்ட அரை மணி நேரம். இப்படி நடக்கும் என்று அரங்கில் இருந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்கூட எதிர்பார்க்கவில்லை. அந்த நொடி முதல் 'இந்தப் பாட்டு இப்படித்தான்' என்ற கணக்கு உடைந்துபோனது.

இதில் என்ன பெரிய விஷயம்? பாட்டை இழுத்தால் போர் அடிக்காதா? இப்படி வாசிப்பவர்களைத் தேடி ஏன் ஊர் ஊராகக் கூட்டம் போகிறது? விளக்கமாகப் பார்ப்போம்.

'ஜாம் பேண்ட்' என்றால் என்ன?

'ஜாம்' என்பது இசைக்கலைஞர்கள் சேர்ந்து, முன்கூட்டியே எழுதி வைக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. எல்லா ராக் குழுக்களும் ரிகர்சல் ரூமில் இதைச் செய்வார்கள். புதுப் பாட்டு பிறப்பதே பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் மேடைக்கு வரும்போது, ரெடியான பாட்டை மட்டும் வாசிப்பார்கள்.

ஜாம் பேண்ட் செய்வது இதற்கு நேர் எதிர். ரிகர்சல் ரூமில் நடப்பதை மேடைக்கே கொண்டுவந்துவிடுவது. பாட்டு என்பது ஒரு தொடக்கம் மட்டும். அங்கிருந்து எங்கே போவது என்பதை அன்றைய இரவு முடிவு செய்யும்.

இந்த வழியைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் 'க்ரேட்ஃபுல் டெட்' குழுவினர். 1965-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு. 1995-இல் அதன் கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை, 30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். இவ்வளவுக்கும் அமெரிக்காவின் டாப் 10 பட்டியலுக்குள் வந்தது ஒரே ஒரு பாட்டு, 1987-இல். ஹிட் பாட்டு இல்லாமலே பெரிய குழுவாக இருக்க முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

அடுத்த தலைமுறையில் வந்ததுதான் ஃபிஷ். 1983-இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில், கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. டிரே அனஸ்டாசியோ (கிட்டார்), மைக் கார்டன் (பேஸ் கிட்டார்), ஜான் ஃபிஷ்மேன் (டிரம்ஸ்), பிறகு 1985-இல் சேர்ந்த பேஜ் மெக்கானல் (கீபோர்டு). இன்றும் அதே நான்கு பேர்தான்.

மேடையில் உண்மையில் என்ன நடக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால், 'தோணினதை வாசிக்கிறாங்க' என்றுதான் தெரியும். உள்ளே நடப்பது வேறு.

ரசிகர்கள் ஜாமை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். 'டைப் 1' என்றால், பாட்டின் தாளமும் சுருதியும் அப்படியே இருக்கும். அதற்குள்ளேயே கிட்டாரோ கீபோர்டோ கற்பனையாக வாசித்து, மெதுவாக வேகத்தையும் சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் கொண்டுபோய் விடும். 'டைப் 2' என்றால், பாட்டை விட்டே வெளியே போய்விடுவது. தாளம் மாறும், சுருதி மாறும், மூட் மாறும். பத்து நிமிடம் கழித்துக் கேட்பவருக்கு, இது எந்தப் பாட்டில் தொடங்கியது என்பதே மறந்துபோகும். 'லான் பாய்' அன்று போனது இந்த இரண்டாவது வழியில்.

டைப் 2-இல் யார் தலைமை? யாரும் இல்லை, அல்லது எல்லோரும். பேஸ் கிட்டார் ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றினால், கீபோர்டு அதைப் பிடித்து வேறு கார்டு போடும். அதைக் கேட்ட டிரம்ஸ் தாளத்தை உடைக்கும். கிட்டார் தன் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். சில நொடிகளில் நான்கு பேரும் புதிய இடத்தில் நிற்பார்கள்.

இது தானாக வந்துவிடாது. தொடக்க காலத்தில் ஃபிஷ் குழுவினர் ரிகர்சலில் ஒரு பயிற்சி செய்வார்கள். ஒருவர் சின்னதாக ஒரு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மற்ற மூவரும் அதற்குப் பொருத்தமாக ஒவ்வொன்றைச் சேர்ப்பார்கள். மற்ற மூன்று பேரும் ஒரு இடத்தில் நிலைத்துவிட்டார்கள் என்று ஒருவருக்குத் தெரிந்ததும் அவர் 'ஹே' என்று சொல்ல வேண்டும். நால்வரும் ஒரே நேரத்தில் 'ஹே' சொன்னால், எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே சொன்னால், யாரோ தன்னுடைய வாசிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பயிற்சியில் சோதிக்கப்படுவது வாசிக்கும் திறமை இல்லை, கேட்கும் திறமை. ஜாம் பேண்ட் இசையின் அடிப்படையே இதுதான்.

விளக்குகளுக்கும் இதே விதி. 1989 முதல் ஃபிஷ் கச்சேரிகளின் ஒளியமைப்பைப் பார்த்துக்கொள்பவர் கிறிஸ் குரோடா. இசை எங்கே போகும் என்று குழுவுக்கே தெரியாதபோது, விளக்குகளை முன்கூட்டியே புரோகிராம் செய்துவிட்டு உட்கார முடியாது. அவரும் கேட்டுக் கேட்டுத்தான் இயக்க வேண்டும். ரசிகர்கள் அவரைக் குழுவின் ஐந்தாவது ஆளாகவே எண்ணுகிறார்கள்.

கூட்டத்துக்கு இதில் என்ன வேலை?

சாதாரண கச்சேரியில் ரசிகர்களின் வேலை கைதட்டுவது, கூடச் சேர்ந்து பாடுவது. இங்கே இன்னும் கொஞ்சம் அதிகம்.

2013 ஜூலை 31. நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரியை ஒட்டிய ஸ்டேட்லைன் ஊர். 'ட்வீசர்' என்ற பாட்டை ஃபிஷ் 36 நிமிடங்களைத் தாண்டி வாசித்தது. அதன் பிற்பகுதியில் இசை திடீரென்று நின்று, நொடி நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் கூட்டம் 'வூ!' என்று கத்தியது. குழு அதைக் கேட்டது. அடுத்த தடவை வேண்டுமென்றே இடம் விட்டது. கூட்டம் மறுபடி நிரப்பியது. சிறிது நேரத்தில் அந்தக் கூச்சலே பாட்டின் ஒரு வாத்தியம் ஆகிவிட்டது. அன்றைய பதிவைக் கேட்டால், எது குழுவின் யோசனை, எது கூட்டத்தின் யோசனை என்று பிரிக்க முடியாது.

1995-இல் இன்னும் ஒரு விளையாட்டு நடந்தது. மேடையில் பெரிய செஸ் பலகை. டூர் முழுவதும் ஒவ்வொரு கச்சேரியிலும் குழு ஒரு காய் நகர்த்தும், ரசிகர்கள் ஒரு காய் நகர்த்துவார்கள். இரண்டு ஆட்டங்கள், ஆளுக்கொரு வெற்றி.

செட்லிஸ்ட் எழுதுவதுகூட இந்த ரசிகர்களிடம் தனிக்கலை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கினால் நடுவே காற்புள்ளி. நிறுத்தாமல் அடுத்ததற்குள் போனால் ஒரு குறி. எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி ஒன்று இன்னொன்றாக உருமாறினால் அம்புக்குறி. அந்த அம்புக்குறியைப் பார்த்தாலே, போகாதவர்களுக்கு வயிறு எரியும்.

'லான் பாய்' நீண்ட அந்த இரவும் ஒரு பெரிய தொடரின் பகுதிதான். அதே அரங்கில், 2017 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை, 13 இரவுகள் ஃபிஷ் வாசித்தது. தொடரின் பெயர் 'பேக்கர்ஸ் டஜன்'. ஆங்கிலத்தில் அதற்கு 13 என்று பொருள். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு டோனட் வகைதான் தீம். ஜூலை 25-க்கு வந்தது, நடுவில் ஜாம் வைத்த டோனட். அன்று குழு ஜாம் செய்ததன் ஜோக் இப்போது புரியும். 13 இரவுகளிலும் சேர்த்து 237 பாடல்கள். ஒன்றுகூட இரண்டாவது முறை வாசிக்கப்படவில்லை.

ஒரு இரவைத் தவறவிட்டால், அது போனதுதான். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரெக்கார்டிங்கைச் சும்மா கொடுத்தால், டிக்கெட் யார் வாங்குவார்?

இசைத்துறை பைரசியைக் கண்டு பயந்த காலத்தில், இந்தக் குழுக்கள் நேர்மாறாக நடந்துகொண்டன. ரசிகர்கள் கச்சேரிகளில் டேப் ரெக்கார்டரோடு வருவதை க்ரேட்ஃபுல் டெட் தடுக்கவில்லை. 1984-இல், ரெக்கார்ட் செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தது. விதி ஒன்றே ஒன்று: காசுக்கு விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ளலாம். ஃபிஷ் குழுவும் இதே வழியைப் பின்பற்றியது.

கேசட்டுகள் கல்லூரி விடுதிகளில் கைமாறின. ஒரு ஊர்க் கச்சேரி இன்னொரு ஊரில் ஒலித்தது. விளம்பரம் இல்லாமலே பெயர் பரவியது. கேசட் கேட்டவர்கள், 'வீட்டுல கேட்டாச்சே, எதுக்குப் போகணும்' என்று நினைக்கவில்லை. 'நம்ம ஊருக்கு வரும்போது என்ன நடக்கும்?' என்று டிக்கெட் வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் டூர் மூலம் அதிகம் சம்பாதித்த குழுக்களில் ஒன்றாக இருந்தது க்ரேட்ஃபுல் டெட்.

அந்தப் பதிவுகளின் மதிப்புக்கு ஒரு உதாரணம். 1977 மே 8-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தக் குழு வாசித்த கச்சேரி, பல ஆண்டுகள் கேசட்டாகவே கைமாறியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அதன் பிறகு 2017-இல்தான், 40 ஆண்டுகள் கழித்து, அது அதிகாரபூர்வ ஆல்பமாக வெளிவந்தது. ஆல்பம் ஆகும் முன்பே தேசியச் சொத்து ஆன கச்சேரி!

2002-இன் இறுதியில் ஃபிஷ் இதை இணையத்துக்குக் கொண்டுபோனது. தன் கச்சேரிகளின் முழுப் பதிவையும் தானே தரவிறக்கத்துக்கு விற்கத் தொடங்கியது. அப்போது ஐடியூன்ஸ் கடைகூடத் திறக்கவில்லை.

பெரிய கம்பெனி இல்லாமல் எப்படி?

1989-இல் பாஸ்டனின் பேரடைஸ் என்ற இசைக்கூடத்தில் வாசிக்க ஃபிஷ் வாய்ப்பு கேட்டது. கூடத்தின் உரிமையாளர்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை, முடியாது என்றார்கள். குழுவினர் அந்தக் கூடத்தை ஒரு இரவுக்குத் தாங்களே வாடகைக்கு எடுத்தார்கள். வெர்மான்ட் ரசிகர்கள் கூட்டமாகக் கிளம்பி பாஸ்டனுக்கு வந்தார்கள். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

பிறகு பெரிய லேபிளோடு ஒப்பந்தம் வந்தது, பல ஆண்டுகள் நீடித்தது, முடிந்தது. 2005 முதல் ஃபிஷ் தன் சொந்த லேபிளில் வெளியிடுகிறது. சம்பாத்தியத்தின் மையம் எப்போதும் ஆல்பமாக இருந்ததில்லை, மேடைதான். அதனால் லேபிள் வந்தபோதும் போனபோதும் குழு ஆடவில்லை.

இன்றைய தலைமுறையில் இதே பாதையில் வருவது 'கூஸ்'. 2014-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக்கில் தொடங்கிய குழு. 2020-இல் கொரோனாவால் எல்லா மேடைகளும் மூடியபோது, ஆளில்லாத இடத்திலிருந்து 'பிங்கோ டூர்' என்ற பெயரில் நேரலை நடத்தினார்கள். அடுத்து எந்தப் பாட்டு என்பதை பிங்கோ பந்துகள் முடிவு செய்தன. வீட்டிலிருந்து பார்த்தவர்கள் கையில் பிங்கோ அட்டை. கூட்டமே இல்லாத இடத்திலும், 'அடுத்து என்ன' என்பது யாருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். 2025 ஜூனில் அதே குழு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வாசித்தது.

இதில் நம்ம ஊர் எங்கே வருகிறது?

கர்னாடக இசை கேட்பவர்களுக்கு மனோதர்மம் புதிது இல்லை. ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாமே அந்த நேரத்தில் பிறப்பவை. ஆனால் ராகத்தின் இலக்கணமும் தாளத்தின் கணக்கும் கடைசிவரை மாறாது. ஜாம் பேண்டில் அந்த வேலியும் இல்லை. ராகம் போன்ற ஒன்றில் தொடங்கி, தாளத்தையே மாற்றி, வேறு பாட்டில் போய் முடிக்கலாம். அதனால் சுதந்திரம் அதிகம், வழி தவறும் வாய்ப்பும் அதிகம்.

நேரடித் தொடர்பும் உண்டு. க்ரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991-இல் 'பிளானெட் டிரம்' என்ற தாள ஆல்பத்தை உருவாக்கினார். தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு நம்ம விக்கு விநாயக்ராம். சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி விருது புதிதாக அறிவிக்கப்பட்டு, முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அந்த ஆல்பத்துக்குத்தான்.

சொதப்பினால்?

சொதப்பும். அடிக்கடி சொதப்பும். இந்த இசையைப் பற்றிப் பேசும்போது, இதை மறைத்துவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

பல ஜாம்கள் எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து, யாரோ ஒருவர் அடுத்த பாட்டைத் தொடங்கியதும் அடங்கிப்போகும். 'இந்தப் பத்து நிமிஷம் வேஸ்ட்' என்று விடாப்பிடி ரசிகர்களே சொல்வார்கள். கச்சேரி முடிந்த இரவே மதிப்பெண் போட்டுக் கிழிப்பவர்களும் அவர்கள்தான்.

பெரிய சொதப்பல் 2004 ஆகஸ்டில் நடந்தது. பிரியப்போவதாக அறிவித்த ஃபிஷ், வெர்மான்ட் மாநிலத்தின் கவென்ட்ரியில் கடைசிக் கச்சேரி என்று இரண்டு நாள் விழா வைத்தது. விடாத மழையில் மைதானம் சேறானது. வழியில் இருந்தவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். பலர் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை விட்டுவிட்டு மைல்கணக்கில் நடந்தே வந்தார்கள். அப்படி வந்தவர்கள் கேட்டது, குழு தன் சொந்தப் பாடல்களிலேயே தடுமாறிய கச்சேரியை.

அதன் பின்னால் உடல்நலமும் போதைப்பழக்கமும் இருந்தன. 2006-இல் டிரே அனஸ்டாசியோ போதைப்பொருள் வழக்கில் கைதானார். நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை பெற்று மீண்டார். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார், மற்றவர்களுக்கான மீட்பு மையம் ஒன்றைத் தொடங்கவும் காரணமாக இருந்தார். 2009 மார்ச்சில் குழு மீண்டும் மேடையேறியபோது முதல் பாட்டாக எடுத்தது 'ஃப்ளஃப்ஹெட்'. நீளமான, ஒவ்வொரு ஸ்வரமும் எழுதி வைத்த பகுதிகள் நிறைந்த, ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பாட்டு. 'உழைத்துவிட்டு வந்திருக்கிறோம்' என்று சொல்ல, அவர்கள் ஜாமைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

கூட்டத்திலும் பிரச்சினைகள் உண்டு. போதைப்பொருள் புழக்கம் இந்தச் சூழலோடு தொடக்கம் முதல் ஒட்டிக்கொண்டது. அதை விட்டவர்கள், விட நினைப்பவர்கள் இடைவேளையில் சந்தித்துக்கொள்ள, மஞ்சள் பலூன் கட்டிய மேசை ஒன்றை ரசிகர்களே போடுகிறார்கள். கூட்ட நெரிசலில் பெண்களைத் தொடுவதற்கு எதிராக 'குரூவ் சேஃப்' என்ற அமைப்பு வேலை செய்கிறது. ரசிகர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையர்கள், மற்றவர்கள் அங்கே அந்நியமாக உணர்கிறார்கள் என்ற விமர்சனமும் உள்ளிருந்தே எழுந்திருக்கிறது. டூர் முழுவதும் பின்தொடர்வதற்குக் காசும் லீவும் வேண்டும். அது எல்லோரிடமும் இல்லை.

அப்போ, 'லைவ்' என்றால் என்ன?

இன்று பெரிய அரங்கக் கச்சேரிகள் பலவும் நொடிக் கணக்கில் திட்டமிடப்பட்டவை. கலைஞர்களின் காதுக்குள் தாளத்தை எண்ணும் 'கிளிக் டிராக்' ஓடும். அதோடு விளக்கு, திரைக்காட்சி, புகை, பட்டாசு எல்லாம் இணைக்கப்பட்டிருக்கும். இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. பெரிய மேடையில் நெருப்பும் இயந்திரமும் இருக்கும்போது, நேரம் தவறுவது ஆபத்து. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முழு நிகழ்ச்சி கிடைக்க வேண்டும். காசு கொடுத்தவர் எதிர்பார்த்த பாட்டு வராமல் போகக் கூடாது. தவறே நடக்காது என்ற உத்தரவாதத்துக்கும் மதிப்பு இருக்கிறது.

ஆனால் அந்த உத்தரவாதத்துக்கு ஒரு விலை உண்டு. நேற்று பெங்களூரில் நடந்ததே இன்று சென்னையிலும் நடக்கும், நாளை துபாயிலும் நடக்கும். அரங்கில் யார் இருந்தாலும், கூட்டம் எப்படி இருந்தாலும், அந்த இரவு மாறாது. ரசிகர் அங்கே இருந்தார் என்பதால் இசையில் எதுவும் மாறவில்லை என்றால், அவர் பார்த்தது லைவா, பெரிய சைஸ் வீடியோவா?

இதைத் தொழில்நுட்பத்துக்கு எதிரான புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஏப்ரலில் லாஸ் வேகஸின் 'ஸ்பியர்' அரங்கில் ஃபிஷ் நான்கு இரவுகள் வாசித்தது. பார்வையாளர்களைச் சுற்றி வளைத்த பிரம்மாண்டத் திரை இருக்கும் இடம் அது. நான்கு நாளும் ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை. திரைக்காட்சிகளும், இசை நீண்டால் கூடவே நீளும்படி, அந்த நேரத்திலேயே இயக்கப்பட்டன. மிக உயர்ந்த டெக்னாலஜியையும் 'என்ன வரும்னு தெரியாது' என்ற இசைக்குப் பின்னால் நடக்க வைக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. டெக்னாலஜி முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா என்பதுதான் கேள்வி.

பதிவு செய்த இசை இன்று கிட்டத்தட்ட இலவசம். ஸ்பாட்டிஃபையில் வாழ்நாள் முழுவதும் கேட்டாலும் தீராது. நாலு வார்த்தை டைப் செய்தால், ஏஐ ஒரு முழுப் பாட்டைக் கையில் கொடுத்துவிடுகிறது, பிசிறே இல்லாமல். பிசிறில்லாத இசை இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காலத்தில், மேடையும் பிசிறில்லாமையை மட்டும் விற்றால், அது தோற்கப்போகிற போட்டி. மெஷினால் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. நான்கு பேர் ஒருவரை ஒருவர் நம்பி, தெரியாத இடத்துக்குப் போவதும், கீழே விழவும் வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தே ஆயிரம் பேர் கூடப் போவதும். விழ வாய்ப்பே இல்லாத இடத்தில், விழாமல் வந்ததற்கு என்ன மகிழ்ச்சி?

தவறு நடந்தாலும் பரவாயில்லை என்று சொல்வது சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ் இல்லை. கவென்ட்ரியில் நடந்தது துணிச்சல் இல்லை, தயாரிப்பின்மை. 'ஹே' பயிற்சியில் மணிக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்குத்தான் மேடையில் பாட்டை விட்டு வெளியே போகும் உரிமை வருகிறது. ஒரு கலைஞரிடம் ரசிகர் கேட்க வேண்டியவை இரண்டு: முழுத் தயாரிப்பு, அதோடு அந்தத் தயாரிப்பை நம்பிக் கொஞ்சம் ரிஸ்க். முதலாவது மட்டும் இருந்தால் இயந்திரம். இரண்டாவது மட்டும் இருந்தால் அலட்சியம்.

இந்தப் பொறுப்பு மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. எல்லா ஹிட்டும், ஆல்பத்தில் இருப்பதுபோலவே, ஒரு வரி பிசகாமல் வேண்டும் என்று கூட்டம் கேட்டால், எந்தக் கலைஞரும் அதைத்தான் கொடுப்பார். தெரியாத பாட்டு வரும்போது போனை எடுத்து ஸ்க்ரோல் செய்தால், அடுத்த தடவை தெரியாத பாட்டு வராது. டாஹோவில் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த இடைவெளியை அதனால் நிரப்ப முடிந்தது.

எங்கே கேட்கத் தொடங்கலாம்?

மூன்று பதிவுகள் போதும். முதலில், க்ரேட்ஃபுல் டெட் 1977 கார்னெல் கச்சேரியில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்குப் போகும் பகுதி. ஒரு பாட்டு இன்னொன்றாக மாறுவது எப்படி என்று புரியும். அடுத்து, ஃபிஷ் 2013 டாஹோ 'ட்வீசர்'. கடைசியாக, 2017-இன் 'லான் பாய்'. அதற்கு முன், ஆல்பத்தில் இருக்கும் சின்ன வடிவத்தை ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

ஒரு டிப்ஸ். முதல் தடவை முழுசாகக் கேளுங்கள், போர் அடித்தாலும். இரண்டாவது தடவை ஒரே ஒரு வாத்தியத்தை, பேஸ் கிட்டாராக இருந்தால் இன்னும் நல்லது, அதை மட்டும் பின்தொடருங்கள். அது எப்போது மாறுகிறது, மாறியதும் மற்ற மூன்றும் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்வது காதில் விழும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஏதாவது ஒரு கச்சேரிக்கு டிக்கெட் புக் செய்யும்போது, அது எந்த வகை இசையாக இருந்தாலும், ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளலாம்: இன்று இரவு இங்கே நடக்கப்போவது, வேறு எந்த இரவிலும் நடக்க முடியாததா?